சிறுவர் சிறைகளின் பழைய பதிவேடுகளைப் படிப்பது எப்படி

லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையின் புகைப்பட ஆல்பங்கள் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1872-73 காலத்தவை. ஒவ்வொரு கைதிக்கும் ஒரு படம், கூடவே வயது, குற்றம், தண்டனை. அதில் 11 வயதுப் பையன் ஒருவனும் இருக்கிறான். கூஸ்பெரிப் பழம் திருடினான். தண்டனை ஒரு மாதம் கடுங்காவல், அது முடிந்ததும் 5 வருடம் சீர்திருத்தப் பள்ளி.

இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் "பழம் திருடினதுக்கு ஒரு மாசம் ஜெயிலா!" என்று அதிர்ந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த 5 வருடத்தை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது பள்ளி. என்னைக் கேட்டால் சிறுவர் சிறைகளின் வரலாற்றில் பாதிக்கு மேல் அந்த 5 வருடத்துக்குள்தான் இருக்கிறது. பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு ஒவ்வொரு முறை சட்டத்தைத் திருத்தியபோதும், அவர்கள் பூட்டுக்குள் இருந்த காலம் குறையவில்லை, நீண்டது. கல்லூரிப் பிராஜெக்டோ, கட்டுரையோ, சும்மா ஆர்வமோ, எதற்காக இந்தப் பதிவேடுகளைப் புரட்டினாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு புரட்டுங்கள். எப்படிப் புரட்டுவது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு பிள்ளையைப் பிடியுங்கள்

சட்டங்களிலிருந்து ஆரம்பித்தால் தூக்கம் வரும். ஒரு வழக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு எளிமையான இடம் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகள். 1674 முதல் 1913 வரை உள்ளவை முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வயதை வைத்தும் தேடலாம். 14 வயதுக்குக் கீழ் என்று போட்டு, குற்றத்தில் சின்னத் திருட்டைத் தேர்ந்தெடுங்கள். கைக்குட்டை, ரொட்டி, காலணி, பித்தளைப் பூட்டு என்று வரிசையாக வரும். சாட்சி சொன்னது, பையன் தன் வாயால் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தை, தீர்ப்பு, எல்லாமே பல வழக்குகளில் அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்க அவ்வளவுதான் நேரம் செலவானது என்பது அந்த நீளத்திலேயே தெரியும்.

இங்கே இரண்டு இடங்களில் வழுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பதிவுகளில் சிறுவர்கள் திடீரென்று குறைந்துபோவார்கள். திருட்டு குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். 1847-இல் வந்த ஒரு சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்களின் சில்லறைத் திருட்டை ஜூரி இல்லாமல் மாஜிஸ்ட்ரேட்டுகளே விசாரித்து முடிக்கலாம் என்று சொன்னது. 1850-இல் அந்த வயது 16 ஆனது. பிள்ளைகள் எங்கும் போகவில்லை, வேறு நோட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். அந்த நோட்டுகளில் சாட்சியும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஒரு வரி இருந்தால் அதிகம்.

இன்னொன்று தூக்குத் தண்டனைக் கதை. 'கைக்குட்டை திருடிய 8 வயதுப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாகத் தூக்கில் போட்டார்கள்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். தண்டனை விதித்தது உண்மை. 1833-இல் 9 வயதுப் பையன் ஒருவன் உடைந்த ஜன்னலுக்குள் குச்சியை விட்டு 2 பென்னி மதிப்புள்ள பெயின்டை எடுத்ததற்காக மரண தண்டனை பெற்றான். ஆனால் விதித்ததும் நிறைவேற்றியதும் ஒன்றில்லை. 1801 முதல் 1836 வரை ஓல்டு பெய்லியில் 14 வயதுக்கு உட்பட்ட 103 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்த 103 பேரில் ஒருவரைக்கூடத் தூக்கில் போடவில்லை. அந்தப் பெயின்ட் பையனும் தப்பினான். அதற்காக எந்தச் சிறுவனையுமே தூக்கிலிடவில்லை என்றும் எழுதக் கூடாது: 1831-இல் மெய்ட்ஸ்டன் நகரில் 14 வயதுப் பையனைக் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிட்டார்கள். ஆக, தீர்ப்பைப் பார்த்ததும் நிறுத்தாமல் 'அப்புறம் என்ன ஆனது' என்று தேட வேண்டும். மரணத்திலிருந்து தப்பியவர்களில் பலர் கப்பலேறினார்கள். அங்கே பிறகு வருகிறேன்.

பென்சிலை எடுத்து நாட்களைக் கூட்டுங்கள்

பையன் கிடைத்துவிட்டானா? இனி குற்றத்தை விட்டுவிட்டு, எத்தனை நாள் பூட்டி வைத்தார்கள் என்பதை மட்டும் கணக்குப் போடுங்கள்.

1854-க்கு முன்னால் ஒரு பையன் ரொட்டி திருடினால் சில நாட்கள், சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள் பெரியவர்களோடு சேர்ந்து ஜெயில். பயங்கரமான இடம், சந்தேகமே இல்லை. இதைப் பார்த்துக் கொதித்தவர்களில் முக்கியமானவர் பிரிஸ்டல் நகரத்து மேரி கார்பென்டர். 1852-இல் கிங்ஸ்வுட்டில் ஒரு பள்ளி, 1854-இல் பெண் பிள்ளைகளுக்கென்று ரெட் லாட்ஜ் என்று தானே நடத்திக் காட்டினார். அவரைப் போன்றவர்கள் கொடுத்த அழுத்தத்தில்தான் 1854-இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்களை இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். எவ்வளவு காலம்? 2 முதல் 5 வருடம். அதுவும் நேராக அனுப்ப முடியாது, முதலில் குறைந்தது 14 நாள் ஜெயிலில் இருந்தே ஆக வேண்டும். செய்த தப்புக்கு முதலில் வலிக்கட்டும், பிறகு திருத்தலாம் என்பது அந்த 14 நாளின் தர்க்கம். கார்பென்டரே இதை எதிர்த்தார். ஆனாலும் அது முழுதாக ஒழிய 1899 வரை ஆனது.

கூஸ்பெரிப் பையனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 11 வயதில் உள்ளே போனவன் 16 வயதில் வெளியே வருவான். அதே பழத்தை அவன் அப்பா திருடியிருந்தால் அந்த ஒரு மாதத்தோடு முடிந்திருக்கும். இன்னொரு விஷயம், பெற்றோரிடம் வாரம் 5 ஷில்லிங் வரை வசூலிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளையைத் தெருவில் விட்ட ஏழைக்குத் தண்டனையாம்! பதிவேட்டில் பெற்றோரின் தொழில், வருமானம் பற்றிக் கேள்விகள் இருந்தால் அவை எதற்கு என்று இப்போது புரியும்.

இந்தக் கணக்கை எந்த நாட்டுப் பதிவேட்டைப் பார்த்தாலும் போடுங்கள். குற்றத்தின் மதிப்பு ஒரு பக்கம், உள்ளே இருந்த நாட்கள் இன்னொரு பக்கம்.

தண்டனைப் புத்தகத்தைத் தேடுங்கள்

விதிமுறைப் புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் மூன்று தாள்கள் வேண்டும். தினசரி அட்டவணை, சாப்பாட்டு அளவு, தண்டனைப் புத்தகம். இவற்றையும் விட நல்லது, யாராவது செத்துப்போய் அதற்காக வைத்த விசாரணையின் அறிக்கை. கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் அப்போதுதான் வார்டரும் டாக்டரும் பாதிரியாரும் சத்தியம் செய்து பேச வேண்டியிருக்கும்.

பர்மிங்ஹாம் சிறையை எடுத்துக்கொள்வோம். 1853 மார்ச் மாதம் எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுப் பையன் 4 பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக 3 மாதத் தண்டனையோடு உள்ளே வந்தான். வேலை: கிராங்க். பெட்டி மாதிரி ஓர் இயந்திரம், வெளியே ஒரு கைப்பிடி, சுற்றினால் உள்ளே எடை எதிர்த்து இழுக்கும். சுற்றுவதால் மாவும் அரையாது, தண்ணீரும் ஏறாது. எத்தனை சுற்று என்று எண்ணும் கருவி மட்டும் ஓடும். ஒரு நாளைக்கு 10,000 சுற்று. காலைச் சாப்பாட்டுக்கு முன் 2,000, மதியத்துக்கு முன் 4,000, இரவுக்கு முன் 4,000. முடிக்காவிட்டால் சாப்பாடு தள்ளிப்போகும், பிறகு வெறும் ரொட்டியும் தண்ணீரும்தான். அவனால் முடிக்க முடியவில்லை. அடுத்து 'தண்டனைச் சட்டை'. கைகளை மார்போடு கட்டிப்போடும் சட்டை, கழுத்தில் விறைப்பான தோல் பட்டை, நிற்க வைத்துச் சுவரோடு கட்டிவிடுவார்கள். மயங்கினால் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏப்ரல் 27-ஆம் தேதி அவன் தன் செல் ஜன்னலில் தூக்கு மாட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அரசு விசாரணை ஆணையம் வந்தது. அந்த 10,000 சுற்றை முடிக்க ஒரு பையன் செலவழிக்க வேண்டிய பலம், வண்டி இழுக்கும் குதிரை ஒரு நாளில் செய்யும் வேலையில் கால்வாசி என்று ஆணையம் கணக்கிட்டுச் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அறிக்கையைத் தேடிப் படிக்கலாம். சிறை அதிகாரி ஆஸ்டின்மேல் வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது: 3 மாதம். இறைச்சி திருடிய பையனுக்குக் கிடைத்த அதே 3 மாதம்.

இப்படிப்பட்ட பெரிய விசாரணை எல்லா ஊருக்கும் கிடைக்காது. அப்போது பத்திரிகைகளைப் பாருங்கள், முக்கியமாக 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியை. ரெடிங் சிறையில் இருந்துவிட்டு 1897 மே மாதம் விடுதலையான எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அடுத்த சில நாட்களிலேயே டெய்லி கிரானிக்கிள் பத்திரிகைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பசியில் அழுத சின்னப் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்ததற்காக மார்ட்டின் என்ற வார்டரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், அதுதான் விஷயம். முயல் பிடித்து மாட்டிய மூன்று பிள்ளைகள், அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே வந்தவர்கள், கைகளுக்கிடையில் படுக்கை விரிப்பை இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அதில் ஒருவனுக்குப் போடுகிற அளவுக்குச் சின்ன சிறை உடை அங்கே இல்லையாம். ஒரு நாளில் 23 மணி நேரம் இருட்டறையில் குழந்தையைப் பூட்டி வைப்பதை எந்தத் தகப்பனாவது செய்தால் சட்டம் அவனைத் தண்டிக்கும், ஆனால் இங்கே சட்டமே அதைச் செய்கிறது என்பது அவர் வாதம். அங்கே எந்த நேரத்தில் என்ன ரொட்டி கொடுத்தார்கள் என்பது வரைக்கும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அரசு அறிக்கையில் இந்த அளவு விவரத்தைத் தேடித் தேடித்தான் எடுக்க வேண்டும்.

'தொழில் பழக அனுப்பினோம்' என்று எழுதியிருந்தால் கப்பலைத் தேடுங்கள்

பதிவேட்டில் ஒரு பையனின் பெயருக்கு எதிரே 'அப்ரென்டிஸ்' என்று முடிந்தால், நல்ல இடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து மூடிவிடாதீர்கள். ஐல் ஆஃப் ஒயிட் தீவில் 1838 டிசம்பரில் பார்க்ஹர்ஸ்ட் சிறை சிறுவர்களுக்காகத் திறந்தது. பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் திருத்தப்போகிறோம் என்பதுதான் பெருமை. அதன் ஆரம்ப அறிக்கையே சொல்லும் ஒழுங்கு இது: காலில் இரும்பு, பார்த்ததும் கைதி என்று தெரியும் உடை, எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்த உணவு, பாடத்திலும் வேலையிலும் எப்போதும் மௌனம், விடாத கண்காணிப்பு. கால் இரும்பை மட்டும் ஓரிரு வருடத்தில் எடுத்தார்கள்.

அங்கே தச்சும் தையலும் பழகிய பையன்களை 1842 முதல் மேற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று அனுப்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் 234 பேர். நியூசிலாந்துக்கு இரண்டு கப்பல்களில் 123 பேர், அங்கிருந்த வெள்ளைக்காரர்களே இவர்கள் வேண்டாம் என்று கத்தியதால் அதோடு நின்றது. அனுப்பியவர்கள் இவர்களைக் கைதிகள் என்று எழுதவில்லை, ஒப்பந்தத்தில் தொழில் பழகுகிறவர்கள் என்று எழுதினார்கள். ஜான் கேவின் என்ற 15 வயதுப் பையன் அங்கே தன் முதலாளியின் மகனைக் கொன்றான், 1844 ஏப்ரலில் ஃப்ரீமான்டிலில் தூக்கிலிடப்பட்டான். அந்தக் காலனியில் தூக்கிலிடப்பட்ட முதல் ஐரோப்பியன் பார்க்ஹர்ஸ்ட் 'மாணவன்'தான்.

டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் சிறைக்கு எதிர்க்கரையில் பாயின்ட் பியூயர் இருக்கிறது. 1834 முதல் 1849 வரை சுமார் 3,000 பையன்கள் அங்கே இருந்தார்கள். கல் உடைக்கவும் படகு கட்டவும் செருப்புத் தைக்கவும் கற்றார்கள். இங்கே ஒரு நல்ல விஷயம், ஆஸ்திரேலியாவின் கைதிப் பதிவேடுகள் மிக நுணுக்கமானவை. உயரம், கண் நிறம், பச்சை குத்திய இடம், ஒவ்வொரு தப்புக்கும் எத்தனை அடி என்று எல்லாம் இருக்கும். லண்டன் விசாரணையில் ஆரம்பித்து டாஸ்மேனியாவில் செத்தது வரை ஒரே ஆளைத் தொடர்வதற்கு டிஜிட்டல் பேனாப்டிகான் என்ற இலவசத் தளம் உதவும். ஓல்டு பெய்லியில் பிடித்த பையன் பெயரை அங்கே போட்டுப் பாருங்கள்.

ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது

சீர்திருத்தப் பள்ளிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும், அலுப்பாகவும் இருக்கும். முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். பள்ளியை விட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்ற அட்டவணைக்குப் போங்கள். நன்றாக இருக்கிறார்கள், சந்தேகம், மறுபடி தண்டனை, இறந்தவர்கள், தகவல் இல்லை என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தை முதலில் படியுங்கள். அடுத்து வரவு செலவு: பிள்ளைகளின் உழைப்பில் வந்த வருமானம் எவ்வளவு, தலைக்கு ஆன செலவு எவ்வளவு. வருமானம் ஏறிய வருடத்தில் பாட நேரம் என்ன ஆனது என்று ஒப்பிடுங்கள். 'ஆரோக்கியம் திருப்தி' என்ற வரிக்குப் பக்கத்தில் மரண எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். தப்பி ஓடியவர்களின் எண்ணிக்கையும் முக்கியம், பிள்ளைகள் தங்கள் கருத்தை அறிக்கையில் பதிந்த ஒரே இடம் அதுதான். சில நேரம் இன்னும் உரக்கவும் பதிந்தார்கள்: 1884-இல் லிவர்பூல் பக்கம் மெர்சி ஆற்றில் நின்ற கிளாரன்ஸ் என்ற சீர்திருத்தப் பள்ளிக் கப்பலைப் பையன்களே கொளுத்திவிட்டார்கள்.

சென்னைக்கு வந்தால்

இதெல்லாம் வெள்ளைக்கார ஊர்க் கதை என்று விட முடியாது. மேரி கார்பென்டர் 1866-இல் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார், இங்குள்ள சிறைகளைப் பார்த்துவிட்டுச் சீர்திருத்தப் பள்ளி வேண்டும் என்று அரசை நச்சரித்தார். அதற்கு முன்பே 1850-இல் ஒரு சட்டம் இருந்தது, 10 முதல் 18 வயது வரையான ஆதரவற்ற, சில்லறைக் குற்றம் செய்த பிள்ளைகளை அப்ரென்டிஸாக ஒப்படைக்கலாம் என்று. 1860 தண்டனைச் சட்டத்தில் 82, 83-ஆம் பிரிவுகளைப் பாருங்கள். 7 வயதுக்குக் கீழ் குற்றமே இல்லை, 7 முதல் 12 வரை பிள்ளைக்குப் புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். 8 வயதுப் பிள்ளை கூண்டில் நிற்கலாம் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். 1864 கசையடிச் சட்டம் சிறுவர்களுக்கு லேசான பிரம்பால், பள்ளிக்கூடத்தில் அடிக்கிற முறையில் அடிக்கச் சொன்னது. கசையடியை இந்தியாவில் ஒழித்தது 1955-இல்.

அப்புறம் 1876-இல் இந்திய சீர்திருத்தப் பள்ளிச் சட்டம். பையன்களுக்கு மட்டும்தான், பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை, அவர்களைத் தேட வேண்டியது சாதாரண ஜெயில் அறிக்கைகளில். மறுபடி பென்சிலை எடுங்கள். இங்கிலாந்தில் 2 முதல் 5 வருடம் என்றால் இங்கே 2 முதல் 7 வருடம். 1897 திருத்தத்தில் அது 3 முதல் 7 ஆனது. சென்னை மாகாணத்துக்கான பள்ளி 1887-இல் செங்கல்பட்டில் தொடங்கியது. தேடும்போது ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டலான 'சிங்கிள்புட்' (Chingleput) என்று போட்டால்தான் கிடைக்கும், இது சின்ன விஷயம்தான் ஆனால் பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளையும் சிறை நிர்வாக அறிக்கைகளையும் பார்க்கலாம். சட்டங்களின் வாசகம் இணையத்திலேயே கிடைக்கும், அவற்றை வீட்டில் படித்துவிட்டுப் போங்கள், அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குற்றமே செய்யாத பிள்ளைகள் வேறு ஓர் அலமாரியில் இருப்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் வந்த வடிவம் 6 முதல் 18 வயது வரையான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. திருடியதற்காக இல்லை, பிறந்த சாதிக்காக. சீர்திருத்தப் பள்ளிக் கோப்புகளை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள், அந்தச் சாதியினரை அடைத்து வைத்த குடியிருப்புகளின் கோப்புகளை, அதாவது செட்டில்மென்ட் கோப்புகளை, தனியாகக் கேட்க வேண்டும்.

1919-20-இல் இந்திய சிறைகளை ஆராய்ந்த குழுவின் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை அரசில் இருந்தவர், 1919-இல் கொஞ்ச காலம் பொறுப்பு கவர்னராகவும் இருந்தார். 1920-இல் வந்த சென்னைச் சிறுவர் சட்டம் இந்தியாவிலேயே அந்த வகையில் முதலாவது. வங்காளமும் பம்பாயும் பிறகுதான். 1925-இல் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம். பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர், 1902 வாக்கில் அங்கே இருந்த சிறையில் இளைஞர்களைத் தனியாக வைத்துப் பயிற்சி கொடுக்கும் பரிசோதனை ஆரம்பித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்து 1982-இல் பார்ஸ்டலையே ஒழித்துவிட்டது. புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. நமக்குப் பழைய சாமானைத் தூக்கிப்போட மனசு வராது.

தாளை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து மரியானா ஊரில் 1900-இல் தொடங்கிய பையன்கள் பள்ளி 2011 வரை நடந்தது. கடைசியில் டோசியர் பள்ளி என்று பெயர். அங்கே இருந்த கல்லறைத் தோட்டத்தில் 31 சிலுவைகள் நட்டிருந்தார்கள். 2012 முதல் தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் குழு தரையை ஆராய்ந்து தோண்டியதில் 55 புதைகுழிகள். பல பத்தாண்டுகளாக அங்கே அடி வாங்கிய கிழவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை மண் உறுதி செய்தது. ஆகவே மரணப் பதிவேடு கிடைத்தால் அதோடு கல்லறை, தேவாலயப் பதிவு, உள்ளூர்ப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒட்டிப் பாருங்கள், எண்ணிக்கை இடிக்கும் இடத்தில் நில்லுங்கள்.

அயர்லாந்தில் வேறு மாதிரி. டப்ளின் ஆர்டேன் போன்ற தொழிற்பள்ளிகளில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்தவர்கள் இல்லை, ஏழைகள். நடத்தியது துறவு சபைகள், பணம் கொடுத்தது அரசு. 2009 மே மாதம் வந்த ரையன் ஆணைய அறிக்கை, வளர்ந்து முதியவர்களான அந்தப் பிள்ளைகளின் சாட்சியத்தால் ஆனது. அதே பள்ளிகளைப் பற்றிக் கல்வித் துறை இன்ஸ்பெக்டர்கள் எழுதியதையும் அந்த அறிக்கை எடுத்துவைத்து, அவர்கள் சொல்லிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனதைக் காட்டுகிறது. அதைப் படித்தபிறகு 1880-களின் ஆண்டறிக்கையை நீங்கள் படிக்கும் விதமே மாறும். அது இணையத்தில் முழுசாக இருக்கிறது, இரவில் படிக்காதீர்கள்.

எழுதும்போது

பழைய பதிவேட்டுப் பெயர்களை எழுதலாம், தப்பில்லை. நம் காலத்துப் பிள்ளைகளின் பெயரை எழுதக் கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. பத்திரிகையில் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது சாக்கு ஆகாது.

செங்கல்பட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் 1887-ஐ எழுதி முற்றுப்புள்ளி வைக்க முடியாது. 2022 டிசம்பர் கடைசி நாளில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் அதே ஊரின் அரசு கூர்நோக்கு இல்லத்தில் இறந்தான், உள்ளே வந்து இரண்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. இல்லத்தின் ஊழியர்கள் 6 பேரைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு, இந்த இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு நபர் குழு அமைத்தது, 2023-இல் அது அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையையும் மேலே சொன்ன மாதிரியே படியுங்கள். எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், என்ன சாப்பாடு, யார் எப்போது வந்து பார்த்தார்கள், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.